ஐந்து கட்டையில் ஒரு சார்ஜர்

வீட்டிலேயே பாட்டு ரெக்கார்டிங் செய்வது பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தேன். வந்த கடிதங்களைப் பார்த்தால் தர்மபுரி மாவட்டத்தில் பாடாதவர்களே இல்லை போலிருக்கிறது. பாதிப் பேர் பெயர் போட வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்கள். அதனால் யார் பெயரையும் போடவில்லை.

என் கையில் 30,000 ரூபாய் இருக்கிறது. வீட்டில் ரெக்கார்டிங் செய்ய எந்த லேப்டாப் வாங்கலாம்? ஒரே வரியில் பதில் வேண்டும்.
— பென்னாகரம் வாசகர்

முப்பதாயிரத்துக்கும் லேப்டாப் வாங்காதீர்கள்.

கேட்ட ஒரு வரி முடிந்தது, இனி என் பாட்டுக்குப் பேசுகிறேன். மண்டபத்துக்கே மொத்தப் பணத்தையும் கட்டிவிட்டு, பந்தியில் இலையும் தண்ணீரும் மட்டும் வைத்த கல்யாணம் பார்த்திருக்கிறீர்களா? பளபளவென்று ஒரு லேப்டாப், பாடுவதற்குப் போனோடு வந்த இயர்போன் மைக் என்று உட்கார்ந்திருக்கும் வீடுகள் அப்படித்தான். பாதிக்குச் சற்று மேல் லேப்டாப்புக்கு ஒதுக்குங்கள். மீதியில் ஒரு டைனமிக் மைக், ஒரு யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் (கடையில் ‘சவுண்ட் கார்டு’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்), காதை முழுக்க மூடும் ஒயர் ஹெட்போன், ஒரு ஸ்டாண்டு.

இந்த விலைக்குப் புதிதாக வரும் பல லேப்டாப்களில் செலரான் சிப்பும் 4 ஜி.பி. ரேமும் இருக்கும். ரேம் போர்டிலேயே ஒட்டியிருக்கும், பின்னால் கூட்ட முடியாது. அதைவிட, ஏதோ ஒரு கம்பெனியில் மூன்று நான்கு வருடம் உழைத்துவிட்டு வந்த, 8ஆம் தலைமுறை ஐ5 போட்ட செகண்ட் ஹேண்ட் மேல். 8 ஜி.பி. ரேம், எஸ்.எஸ்.டி. இருந்தால் போதும். ரேமை 16 ஆக்க ஒரு ஸ்லாட் காலியாக இருந்தால் விசேஷம்.

ஐ5 நல்லதா, ஐ7 நல்லதா?
— மொரப்பூர் வாசகர்

எந்தத் தலைமுறை என்று முதலில் கேளுங்கள். பத்து வருடத்துக்கு முந்தைய ஐ7-5500யு-வில் இரண்டே கோர். 12ஆம் தலைமுறை ஐ3-1215யு-வில் ஆறு. தாத்தா தாசில்தார் என்பதற்காகப் பேரனுக்கு யாரும் பெண் கொடுப்பதில்லை. மாம்பழ ஊர்க்காரருக்கு ஸ்டிக்கரைப் பார்த்து வாங்கக் கூடாது என்று நானா சொல்ல வேண்டும்?

நாங்கள் தெருக்கூத்துக் குழு. ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம், ஆட்டக்காரர் நால்வர் என்று எட்டு மைக் வைத்து விடிய விடிய நடக்கும் கூத்தைத் தனித்தனி ட்ராக்காகப் பதிய ஆசை. ‘அதுக்கு ஒரு லட்ச ரூபா மெஷின் வேணும்’ என்கிறார் தெரிந்தவர். உண்மையா?
— ஒரு கூத்துக் கலைஞர், பாலக்கோடு

ஐயா, அந்தத் தெரிந்தவரிடம் லேப்டாப் ஏதும் விற்பனைக்கு இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். நல்ல தரமான பதிவு என்பது நொடிக்கு 48,000 முறை ஒலியை அளப்பது. ஒவ்வோர் அளவும் 24 பிட், அதாவது 3 பைட். ஒரு மைக்குக்கு நொடிக்கு 1,44,000 பைட். எட்டு மைக்குக்கும் சேர்த்து நொடிக்கு ஒன்றேகால் மெகாபைட்கூட இல்லை. பரணில் கிடக்கிற பழைய ஹார்டு டிஸ்க்கே இதைப்போலப் பல மடங்கு எழுதும். மணிக்கு ஏறக்குறைய 4 ஜி.பி., இரவு பத்து முதல் காலை ஆறு வரை 33 ஜி.பி. உங்கள் ஒரு ராத்திரிக் கூத்து ஒரு 64 ஜி.பி. பென் டிரைவில் பாதி இடத்தைத்தான் பிடிக்கும். மீதி பாதியில் அர்ஜுனன் தபசையும் ஆடிவிடலாம்.

பதிவு என்ற வேலை கம்ப்யூட்டருக்குப் பெரிய சுமையே அல்ல. வருகிற தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைக்கிற வேலை. சுமை பிறகு வருகிறது. ஒவ்வொரு ட்ராக்குக்கும் எதிரொலி, இரைச்சல் நீக்கி, அது இது என்று பிளக்-இன் மாட்டும்போதும், கீபோர்டில் ஐம்பது வயலின் வாசிக்க வைக்கும்போதும்தான் புராசஸருக்கும் ரேமுக்கும் வியர்க்கும். உங்களிடம் உண்மையான முகவீணை இருக்கிறது. உங்களுக்கு அந்தச் செலவு குறைவு.

உங்கள் பணம் போக வேண்டிய இடம் வேறு. எட்டு மைக்கை ஒரே நேரத்தில் உள்ளே வாங்கும் இன்டர்ஃபேஸ் வேண்டும். இரண்டு மைக்கை மட்டும் உள்ளே வாங்கும் இன்டர்ஃபேஸைவிட அது பல மடங்கு விலை. வாடகைக்குக் கிடைத்தால் முதல் கூத்துக்கு வாடகையே போதும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சாதாரண வேவ் ஃபைல் 4 ஜி.பி.க்கு மேல் வளராது. மேலே சொன்ன தரத்தில் ஒரு மைக்கின் ட்ராக் அந்த எல்லையைத் தொட எட்டே கால் மணி நேரம் ஆகும். உங்கள் துரியோதனன் சாவதற்குச் சற்றே தாமதித்தாலும் ஃபைல் முந்திக்கொண்டு செத்துவிடலாம். அந்த எல்லையைத் தாண்டும் வேறு ஃபைல் வகைகள் இருக்கின்றன. அவற்றை நம்புவதைவிட, கட்டியங்காரன் டீ குடிக்கப் போகும்போதெல்லாம் நிறுத்திப் புதிதாகத் தொடங்கிவிடுங்கள்.

முட்டை அட்டையைச் சுவர் முழுக்க ஒட்டினால் ஸ்டூடியோ ஆகிவிடுமா?
— காரிமங்கலம் வாசகர்

நாமக்கல் ஆகிவிடும். முட்டை அட்டை கீச்சென்ற ஒலியைக் கொஞ்சம் சிதறடிக்கும், அவ்வளவுதான். வெளிச்சத்தத்தை நிறுத்தாது, அறைக்குள் சுற்றும் கனத்த எதிரொலியை விழுங்காது. பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் இரண்டு தடித்த போர்வையைக் கொடியில் தொங்கவிடுங்கள், காலடியில் ஜமக்காளம் விரியுங்கள். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, அதற்கு முதுகு காட்டிப் பாடினாலும் சரி.

சார்ஜர் போட்டதும் ரெக்கார்டிங்கில் ‘ங்ங்ங்’ என்று ஒரு சத்தம் வருகிறது. மைக் மாற்றினேன், ஒயர் மாற்றினேன், போகவில்லை. லேப்டாப்பையே மாற்ற வேண்டுமா?
— பக்திப் பாடகர், பாப்பிரெட்டிப்பட்டி

அதை ‘ங்ங்ங்’ என்று அலட்சியமாக எழுதாதீர்கள். ஆர்மோனியம் இருந்தால் ஒத்துப் பாருங்கள். நம் நாட்டுக் கரண்ட் நொடிக்கு 50 முறை துடிக்கிறது. 49 துடிப்பு என்பது ஐந்து கட்டையின் அடி ஆதாரம். ஆகவே உங்கள் சார்ஜர் ஐந்து கட்டைக்கு ஒரு நூல் தூக்கலாகச் சுருதி போட்டுக்கொண்டிருக்கிறது. நீங்கள் ஐந்து கட்டையில் பாடுகிறவர் என்றால் இன்னும் எரிச்சலாக இருக்கும். ஒட்டியும் ஒட்டாமலும் பக்கத்திலேயே நிற்கும் சுருதியைப்போலக் கொடுமை வேறில்லை.

லேப்டாப்பை மாற்றுவதற்கு முன் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பதிவு செய்து பாருங்கள். சத்தம் நின்றால் லேப்டாப் நிரபராதி, முதல் சந்தேகம் வீட்டு எர்த்தின் மேல். சார்ஜ் போட்டிருக்கும்போது லேப்டாப்பின் உலோகப் பாகத்தைத் தொட்டால் விரலில் சுள்ளென்று பூரான் ஊர்வது போல இருக்கிறதா? அதுவும் எர்த் சரியில்லை என்பதற்கு அடையாளமாக இருக்கலாம். நம் பக்கத்துச் செம்மண் கோடையில் காய்ந்து பிளந்து கிடக்கும்போது எர்த் குழியும் காய்ந்துதான் கிடக்கும். பெரியவர்கள் அந்தக் குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதைப் பார்த்திருப்பீர்கள். மூட நம்பிக்கை இல்லை, ஈர மண்தான் மின்சாரத்தை உள்வாங்கும். எலக்ட்ரீசியனை அழைத்துக் காட்டுங்கள். சத்தம் போகிறது என்பதற்காக மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்து எறியும் பண்டிதர்கள் உண்டு. சத்தம் போகும், கூடவே ஆளும் போகலாம்.

இதனால்தான் சொல்கிறேன், பழைய லேப்டாப் வாங்கும்போது புராசஸரைவிடப் பேட்டரியைப் பாருங்கள். எல்லோரும் அதைக் கடைசியில் பார்க்கிறார்கள், ‘சார்ஜர் போட்டே யூஸ் பண்ணிக்கலாம்’ என்று கடைக்காரர் சொன்னதும் தலையாட்டுகிறார்கள். ஆபீஸ் வேலைக்கு அது சரி. ரெக்கார்டிங்குக்கு இரண்டு மணி நேரம் நிற்கும் பேட்டரி என்பது இரண்டு மணி நேரச் சுத்தமான மௌனம். நடுப்பாட்டில் கரண்ட் போனாலும் பல்லவிக்குத் திரும்பிப் போக வேண்டாம். டெஸ்க்டாப் மலிவாகக் கிடைக்கும்போதும் நான் லேப்டாப்பைச் சொல்வதற்கு இந்த ஒரு காரணம்தான்.

நான் பாடினால் ஹெட்போனில் என் குரல் பின்னாலேயே ஓடி வருகிறது. தாளம் தப்புகிறது. லேப்டாப் ஸ்லோவா?
— கல்லூரி மாணவி, அரூர்

தங்கச்சி, முதல் கேள்வி: ஹெட்போன் புளூடூத்தா? ஆம் என்றால் அதை அண்ணனுக்குக் கொடுத்துவிட்டு ஒயர் வைத்த ஹெட்போனை எடுத்துக்கொள். புளூடூத்தில் குரல் நொடியில் பத்தில் ஒரு பங்கு, சில சமயம் இரண்டு பங்கு தாமதமாகத்தான் வரும்.

ஒயர் ஹெட்போன்தான் என்றால் கேள். கம்ப்யூட்டர் ஒலியைச் சொட்டுச் சொட்டாக வாங்காது. ஒரு சொம்பு நிறைந்ததும் மொத்தமாக ஊற்றும். அந்தச் சொம்பின் பெயர் பஃபர். அதில் 1024 என்று இருந்தால் உள்ளே வர 21 மில்லி செகண்ட், வெளியே போக இன்னொரு 21. காற்றில் ஒலி ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லி செகண்ட். ஆகவே உன் குரலை நீயே 15 மீட்டர் தள்ளி நின்று கேட்கிறாய். தாளம் தப்பாமல் என்ன செய்யும்? 128-க்கு இறக்கு. தூரம் ஆறடியாகிவிடும். கூத்தில் ஆட்டக்காரருக்கும் ஆர்மோனியக்காரருக்கும் அந்த இடைவெளி எப்போதும் உண்டு, யாரும் குறை சொன்னதில்லை.

சொம்பு சிறிதானால் அடிக்கடி ஊற்ற வேண்டும். சோம்பேறி மெஷின் நடுவில் கோட்டை விடும். பட்பட்டென்று வெடிக்கும். அங்கேதான் லேப்டாப்பின் வேகம் கணக்குக்கு வருகிறது. வைஃபையை நிறுத்து, பிரவுசரை மூடு, இன்டர்ஃபேஸ் கம்பெனி தரும் ஏசியோ டிரைவரைப் போடு. அப்புறமும் வெடித்தால் இன்டர்ஃபேஸின் முகப்பில் ‘டைரக்ட் மானிட்டர்’ என்ற பொத்தான் இருக்கும், அதை அமுக்கு. உன் குரல் கம்ப்யூட்டர் வாசலை மிதிக்காமலேயே நேராக உன் காதுக்கு வரும். எவ்வளவு பழைய லேப்டாப்பையும் இந்த ஒரு பொத்தான் காப்பாற்றிவிடும்.

அக்காவுக்கு 2012-ல் அரசு கொடுத்த லேப்டாப் 2 ஜி.பி. ரேமோடு பரணில் இருக்கிறது. தம்பிக்கு இப்போது கல்லூரியில் கிடைத்தது 8 ஜி.பி. பட்டிமன்றப் பேச்சைப் பதிய எதை எடுக்கலாம்?
— ஆசிரியர், நல்லம்பள்ளி

வரலாற்றுச் சிறப்புமிக்க வீடு உங்களுடையது. விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு என்ற புதிய அறிவிப்பு 2025 பட்ஜெட்டில் வந்தது. இரண்டு ஆட்சிகளின் லேப்டாப்பும் ஒரே கூரையின் கீழ்ச் சண்டையில்லாமல் இருப்பதே பெரிய விஷயம்.

தம்பி தருவாரானால் தம்பியுடையது. பேச்சு என்ன, பத்து ட்ராக் பாட்டையும் அது தாங்கும். தம்பி தரமாட்டார் என்று தெரிந்துதான் பரணைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள் என்பது என் சந்தேகம்.

பரணில் இருப்பதை இறக்குங்கள். ஒரு குரல், ஒரு மைக், ஒரு மணி நேரம் என்றால் கணக்கு அரை ஜி.பி.தான், அதற்கு அக்காவின் லேப்டாப் இன்னும் வேலைக்கு ஆகும். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிச் சின்ன எஸ்.எஸ்.டி. ஒன்று போடுங்கள். வேகத்தைவிட முக்கியம், ஹார்டு டிஸ்க் சுற்றும் கிர்ர் சத்தம் ஒழியும். ரேமை 4 ஆக்குங்கள், பழைய சாமான் கடையில் கிடைக்கும். அதில் விண்டோஸ் 7 இருந்தால் இன்டர்நெட்டோடு சேர்க்காதீர்கள், மைக்ரோசாஃப்ட் அதை 2020 ஜனவரியிலேயே கைவிட்டுவிட்டது. எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டு அடாசிட்டி என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரை நிறுவிக்கொள்ளுங்கள். அந்தக் கால அரசு லேப்டாப்கள் பலவற்றில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் கூடவே வந்தது. முக்கால்வாசிப் பேர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. உள்ளே ஒரு வாசல் இருந்ததே தெரியாமல் வீட்டைப் பூட்டிப் பரணில் போட்டோம்.

பேட்டரி செத்திருக்கும். பாப்பிரெட்டிப்பட்டிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

என் கணவர் ரெக்கார்டிங் ஆரம்பித்த நாளிலிருந்து மிக்சி போடக் கூடாது, குக்கர் வைக்கக் கூடாது, ஃபேன் கூடாது. குழந்தைக்கு இருமல் வந்தால்கூட முறைக்கிறார். இதற்கு ஏதாவது லேப்டாப் இருக்கிறதா?
— குடும்பத் தலைவி, இண்டூர்

அம்மா, உங்கள் பக்கம்தான் நியாயம். அவருடைய பதிவில் மிக்சியைவிடப் பக்கத்தில் கேட்பது அவருடைய லேப்டாப்பின் விசிறிதான் என்று என் யூகம். மைக்குக்கு முன்னால் அதை வைத்துக்கொண்டு உங்களை முறைக்கிறார். பெரும்பாலான பாட்டு மைக்குகளுக்கு முதுகுப் பக்கம் காது மந்தம். லேப்டாப்பை மைக்கின் முதுகுக்குப் பின்னால், நீளமான யு.எஸ்.பி. ஒயரில் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். மைக்கை நான்கு விரல் தூரத்தில் வைத்துப் பாடினால் சமையலறை தானாகத் தள்ளிப் போய்விடும். கண்டென்சர் மைக் வாங்கியிருக்கிறார் என்றால் அடுத்த தெரு நாய் குரைப்பதையும் அது பாடகராக எடுத்துக்கொள்ளும். டைனமிக்குக்கு மாறச் சொல்லுங்கள்.

குக்கர் விசிலுக்கு மட்டும் பரிகாரம் கிடையாது. மூன்று விசில் வரை அவரே எண்ணிக்கொண்டு உட்காரட்டும்.

மேக்புக் இல்லாமல் இசையமைப்பாளர் ஆக முடியாது என்கிறார்களே?
— தொப்பூர் வாசகர்

1980-களில் உலகம் முழுக்க இசைக்காரர்கள் வீட்டில் வைத்திருந்த அட்டாரி 1040 எஸ்.டி. கம்ப்யூட்டரில் மொத்த நினைவகம் 1 மெகாபைட். உங்கள் போனில் எடுக்கும் ஒரு படமே பெரும்பாலும் அதைவிடப் பெரிது. ஏ.ஆர். ரகுமான் கோடம்பாக்கத்தில் வீட்டோடு சேர்த்துப் பஞ்சதன் ஸ்டூடியோவைக் கட்டியது 1989-ல், ‘ரோஜா’ வந்தது 1992-ல். அன்றைக்கு மேக்புக் என்ற பெயரே கிடையாது. அமெரிக்காவில் பில்லி ஐலிஷ் அண்ணனின் படுக்கையறையில் பாடிய ஆல்பம் 2020-ல் கிராமி வாங்கியது. அவர்களிடம் நல்ல கருவிகள் இருந்தன என்பது உண்மை, அறை என்னவோ படுக்கையறைதான்.

ஆனாலும் ஆப்பிளைத் திட்ட மாட்டேன். 2020-ல் வந்த எம்1 மேக்புக் ஏரில் விசிறியே கிடையாது. இண்டூர் அம்மாவின் வீட்டுக்கு அது பொருந்தும், பட்ஜெட்டுக்குப் பொருந்தாது.

ஆயிரக்கணக்கில் விலையுள்ள சாஃப்ட்வேரை நண்பர் பென் டிரைவில் சும்மா தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?
— கடத்தூர் வாசகர்

சும்மா வருவது சும்மா இருக்காது, வைரஸோடு வரும். அடாசிட்டி 2000-லிருந்தே இலவசம். ரீப்பர் என்ற சாஃப்ட்வேரை 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், பிறகு தனிநபருக்கு 60 டாலர். பழைய லேப்டாப்பிலும் பறக்கும். இரண்டு மாதத்தில் இரண்டு பாட்டு விற்றால் நியாயமாகவே வாங்கிவிடுவீர்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்க பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போகிறேன். எதைப் பார்த்து வாங்குவது?
— ஆட்டோ ஓட்டுநர், தர்மபுரி

பழைய வண்டி வாங்கத் தெரிந்தவருக்கு நான் என்ன சொல்வது? பெயின்ட்டைப் பார்க்காமல் இன்ஜினைக் கேட்பீர்கள் அல்லவா, அதேதான். கையோடு ஹெட்போனையும், இருந்தால் இன்டர்ஃபேஸையும் மைக்கையும் கொண்டுபோங்கள். கடைக்காரர் சினிமாப் பாட்டைப் போட்டுக் காட்டுவார், அதைக் கேட்டு மயங்காதீர்கள். ஒரு நிமிடம் யாரும் பேசாமல் வெறும் மௌனத்தைப் பதிவு செய்து, சத்தத்தை முழுக்க ஏற்றிக் கேளுங்கள். அந்தத் தெருவில் மௌனம் எங்கே என்று கேட்பீர்கள். ஹாரன் சத்தம் கேட்டால் பரவாயில்லை, ‘கீச்’ என்று விடாமல் ஓர் ஊசிச் சத்தம் கேட்டால் வைத்துவிட்டு வாருங்கள். அது போர்டிலிருந்து வருகிறது.

பிறகு விண்டோஸிலேயே இருக்கும் பேட்டரி ரிப்போர்ட்டை எடுக்கச் சொல்லுங்கள். புதிதில் எவ்வளவு கொண்டது, இப்போது எவ்வளவு கொள்கிறது என்று இரண்டு எண் வரும். இரண்டாவது எண் முதல் எண்ணில் பாதிக்குக் கீழே போயிருந்தால் புதுப் பேட்டரி விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள். 2018-ல் வந்த திங்க்பேட் டி480 போன்றவற்றில் ஒரு பேட்டரியை வெளியிலிருந்தே கழற்றி மாட்டலாம், ரேமுக்கு இரண்டு ஸ்லாட் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டதால், 11 ஏறாத ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷின்கள் இப்போது சல்லிசாக வந்து குவிகின்றன. லினக்ஸ் பழகத் தயார் என்றால் அது லாபம். தயாரில்லை என்றால் எட்டுக்குக் கீழே இறங்காதீர்கள்.

ரெக்கார்டிங்கை எல்லாம் லேப்டாப்பிலேயே வைத்திருக்கிறேன். போதும்தானே?
— தகடூர் வரலாற்று ஆர்வலர்

நீங்களா இதைக் கேட்பது! உங்கள் ஊரின் மேல் சேரன் படையெடுத்து வந்ததைப் பாடிய ‘தகடூர் யாத்திரை’ முழு நூலாக இன்று எங்கே இருக்கிறது? புறத்திரட்டுக்காரரும் உரைக்காரர்களும் அங்கங்கே பிரதி எடுத்து வைத்ததால் சில பாட்டு மிஞ்சியது. அந்தக் காலத்திலேயே எக்ஸ்டர்னல் டிரைவ் மாதிரி இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். உங்களுக்கு ஒருவரும் இல்லை. இன்றைக்கே ஒரு பிரதி எக்ஸ்டர்னல் டிரைவில், இன்னொன்று மைத்துனர் வீட்டில்.

எல்லோருக்கும் சொல்கிறீர்கள், உங்கள் லேப்டாப் எது?
— மாரண்டஹள்ளி வாசகர்

பழையது. இடது ஓரம் உடைந்து டேப் ஒட்டியிருக்கிறது. எம் எழுத்துப் பொத்தான் ஒரு வருடமாக வேலை செய்யவில்லை, நான் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறவன். இந்தப் பக்கத்தில் வந்த ‘ம’ ஒவ்வொன்றையும் வேறோர் இடத்திலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறேன். அடாசிட்டியில் பதிவைத் தொடங்க ஆர் பொத்தான். அது நன்றாக இருக்கிறது.